அடுக்களை வரை வரும் செவிலி

சிவகங்கைச் சீமையில் இருந்த எங்கள் சிற்றூருக்கு வாரத்தில் ஒரு நாள், தோளில் ஒரு பையும் கையில் ஒரு குடையுமாக, பஸ் நிற்கும் பெரிய சாலையிலிருந்து கண்மாய்க் கரைமேல் இரண்டு மைல் நடந்தே வந்துகொண்டிருந்த ஒரு நர்ஸம்மாவை இன்றைக்கும் என்னால் கண்முன் நிறுத்திக்கொள்ள முடிகிறது. என் தங்கை பிறந்து பத்து நாள் இருக்கும். அவர் வந்ததும் குழந்தையைத் தூக்கவில்லை; நேரே கிணற்றடிக்குப் போய், பையிலிருந்த தகர டப்பாவைத் திறந்து சோப்பை எடுத்து, விரலிடுக்கும் நகக்கண்ணும் நுரையில் மறையும்படி மணிக்கட்டு வரையில் தேய்த்துக் கழுவி, ஈரக் கைகளை உயர்த்திப் பிடித்து உலரவிட்டுக்கொண்டே திண்ணைக்கு வந்தார். அப்பத்தாவுக்கு அது விநோதமாகப் பட்டது.

"கைதான் சுத்தமா இருக்கே தாயி, பெறகு எதுக்குச் சோப்பு?" என்று கேட்டாள்.

"வர்ற வழியில நாலு வீட்டுப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்திருக்கேன் ஆத்தா. அந்த வீட்டுச் சீக்கை உங்க பேத்திக்குக் கொண்டாந்து குடுக்கலாமா?"

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அவர் வந்தபோதெல்லாம் அதே கிணற்றடி, அதே டப்பா. அந்த வருஷம் முடிவதற்குள், சாணி அள்ளிய கையைத் தண்ணீரில் அலசிச் சேலையில் துடைத்துக்கொள்வதே போதும் என்று அறுபது வயது வரையில் இருந்துவிட்ட என் அப்பத்தா, கிணற்று மேடையில் ஒரு சோப்புத் துண்டை வைத்துக்கொண்டாள். கழுவாத கையோடு தொட்டில் பக்கம் போன என் சிற்றப்பாவை அதட்டவும் செய்தாள். கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லும் சர்க்கார் விளம்பரப் படம் ஒன்று ஊர்ச் சாவடிச் சுவரில் வெகுகாலமாக ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்து எங்கள் தெருவில் ஒருவரும் சோப்பு வாங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆரோக்கியத்தைப் பற்றிய அறிவை ஜனங்களிடம் பரப்புவது எப்படி என்ற கேள்விக்குப் பெரிய பெரிய ஸ்தாபனங்கள் எத்தனையோ விடைகளைச் சொல்லியிருக்கின்றன. அவற்றையெல்லாம் படித்த பிறகும் எனக்கு அந்தக் கிணற்றடியே முதலில் நினைவுக்கு வருகிறது. டாக்டரின் வார்த்தை மதிப்புக்குரியதே. ஆனால் அவரை நாம் மேஜைக்கு அப்புறம் உட்கார்ந்திருப்பவராக, ஐந்து நிமிஷமே பார்க்கிறோம். நர்ஸம்மாவையோ ஊர் முழுவதும் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் டிபன் டப்பாவில் என்ன இருக்கிறது, எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார், வெயிலில் எப்படி நடக்கிறார் என்பதெல்லாம் பெண்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை. தடுப்பூசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் அடிக்குமே என்று தயங்குகிற தாய், நோயின் இயல்பையும் மருந்தின் குணத்தையும் அவரிடம் விசாரிப்பது அபூர்வம். "உங்க பிள்ளைக்குப் போட்டீங்களா, நர்ஸம்மா?" என்றுதான் கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு நேராக முகத்தைப் பார்த்து "போட்டேன்" என்று சொல்ல முடிகிறவரிடம் மட்டுமே அவள் குழந்தையின் கையை நீட்டுகிறாள்.

தமிழில் இந்த உத்தியோகத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'செவிலி' என்பது நோயாளியின் கட்டிலருகே நின்றவளைக் குறித்து எழுந்த சொல் அன்று. சங்க இலக்கியத்தின் செவிலித்தாய், நோயற்ற ஒரு குழந்தையைச் சீராட்டி, பாலூட்டி, நல்லது கெட்டது சொல்லி வளர்த்து ஆளாக்கியவள். அந்தப் பெண் மணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகும் செவிலியின் அக்கறை ஓய்வதில்லை. குறுந்தொகையில் ஒரு செவிலி, மகள் குடித்தனம் நடத்தும் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்து, பெற்ற தாயிடம் விவரம் சொல்கிறாள். அவள் சொல்லும் விவரம் வேறொன்றுமில்லை, அடுக்களையில் அந்தப் பெண் என்ன சமைத்தாள், எப்படிச் சமைத்தாள், அதைக் கணவன் எப்படி உண்டான் என்பதுதான். நர்ஸ் என்ற சொல்லுக்கு நேராக இந்தப் பழஞ்சொல்லைத் தேர்ந்தவர்கள் இவ்வளவையும் எண்ணித்தான் தேர்ந்தார்களோ, அறியேன். ஆனால் அச்சொல்லுக்குள் வீடு தேடிப் போதலும், அடுக்களையைப் பார்த்தலும், நோய் வருமுன் காத்தலும் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன.

இதே உண்மையை, மிகக் கொடிய ஓர் அனுபவத்தின் வழியாகக் கண்டறிந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். விளக்கை ஏந்தி இரவில் வார்டுகளைச் சுற்றிவந்த பெருமாட்டியாகவே பாடப் புத்தகங்கள் அவரை நமக்கு அறிமுகம் செய்தன. அந்தச் சித்திரத்தின் ஒளியில் அதைக் காட்டிலும் பெரிய செய்தி ஒன்று நம் கண்ணுக்கு மறைந்துவிட்டது. 1854ஆம் ஆண்டு நவம்பரில் 38 பெண்களோடு அவர் துருக்கியிலுள்ள ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். அவரும் அவருடைய தோழியரும் இரவுபகலாக உழைத்தும், 1855 பிப்ரவரியில் அங்கே மரண விகிதம் நூற்றுக்கு 42ஐ எட்டியிருந்தது. மார்ச் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர், கட்டடத்தின் அடியில் தேங்கிக் கிடந்த சாக்கடைகளை வாரி, குடிநீரைச் சுத்தப்படுத்தி, காற்றோட்டத்துக்கு வழி செய்தார்கள். ஜூன் மாதத்தில் அந்த எண் 2ஆகக் குறைந்தது. நாடு திரும்பிய பிறகு, வில்லியம் பார் என்ற புள்ளிவிவர நிபுணரின் துணையோடு மரணக் கணக்குகளை அடுக்கிப் பார்த்தபோது, பணிவிடையால் மட்டும் காப்பாற்றியிருக்க முடியாத ஆயிரக்கணக்கான உயிர்களைச் சாக்கடையும் அழுக்கு நீருமே கொண்டுபோயின என்பது அவருக்குப் புலப்பட்டது. தாம் இரவெல்லாம் விழித்து ஆற்றிய தொண்டின் குறையைத் தம் கையாலேயே கணக்கிட்டு, உலகுக்கு எடுத்துச் சொல்லும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வாய்க்கும்!

அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த அரை நூற்றாண்டில் பெரும்பகுதி சுகாதாரத்துக்கே செலவாயிற்று. இந்தியாவிலிருந்த ராணுவத்தினரில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் மடிந்துகொண்டிருந்ததை 1863இல் வெளிவந்த அறிக்கை காட்டியது. பத்தாண்டுச் சுகாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அது 18ஆகக் குறைந்ததை 1873இல் அவர் எழுதினார். 1892இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், பக்கிங்காம்ஷயர் கிராமங்களில் குடியானவப் பெண்களின் வீடுகளுக்கே சென்று காற்று, தண்ணீர், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றைக் கற்பிக்கும் பெண்களைப் பயிற்றுவிக்கும் முயற்சிக்கு அவர் தூண்டுகோலாக இருந்தார். அடுத்த ஆண்டில் சிகாகோ மாநாட்டுக்காக எழுதிய கட்டுரையில், நோயாளிக்குச் செய்யும் பணிவிடை ஒன்று, ஆரோக்கியமாக இருப்பவரை அவ்வாறே இருக்கச் செய்யும் பணிவிடை மற்றொன்று என்று இரண்டையும் பிரித்துக் காட்டி, இரண்டாவதற்கும் தனிப் பயிற்சி வேண்டுமென்று வாதாடினார்.

பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு பிரத்தியட்ச சாட்சி உண்டு. 1893இல் லில்லியன் வால்ட் என்னும் நர்ஸ், அந்நகரில் குடியேறிய ஏழை மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த பகுதியில் தாமும் குடியேறி, அவர்களிடையே பணியைத் தொடங்கினார். அந்நாளில் பள்ளிகளைப் பார்வையிட்ட டாக்டர்கள், கண்நோயும் சிரங்கும் பேனும் கண்ட குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிவந்தார்கள். வீட்டில் அதற்கு மருந்து போடத் தெரிந்தவர் இல்லாததால், குழந்தைகள் தெருவில் திரிந்தார்களேயொழியப் பள்ளிக்குத் திரும்பவில்லை. வால்டின் முயற்சியால் 1902இல் லினா ராஜர்ஸ் என்ற ஒரே ஒரு நர்ஸ் சில பள்ளிகளுக்கு நியமிக்கப்பட்டார். அவர் பள்ளியிலேயே சிகிச்சை செய்தார். மாலையில் வீடு தேடிப் போய், தலையை எப்படிச் சுத்தம் செய்வது, கண்ணை எதனால் துடைப்பது என்று தாய்மாருக்குச் செய்து காட்டினார். அவரைக் கண்டு மேலும் பல நர்ஸுகள் நியமனமாக, ஓர் ஆண்டுக்குள் நோயின் காரணமாக வெளியேற்றப்பட்ட குழந்தைகளின் தொகை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாயிற்று. டாக்டர்கள் நோயைச் சரியாகவே கண்டார்கள். அங்கிருந்து குழந்தையின் வீடு வரைக்கும் போக ஆள் இல்லாமல் இருந்தது.

நம் நாட்டில் 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கிய நர்ஸ் பயிற்சியும், 1909இல் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் ஏற்படுத்திய பயிற்சியும், 1946இல் அங்கே பட்டப்படிப்பாக உயர்ந்த கல்வியும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றியே வளர்ந்தவை. சுமார் 5,000 பேருக்கு, மலைப் பகுதியானால் 3,000 பேருக்கு, ஒரு துணை சுகாதார நிலையம். அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்ற ஏற்பாடு வந்த பிறகே வீட்டு வாசல்கள் திறந்தன. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, எடை பார்ப்பது, இரத்தம் சோதிப்பது, புதன்கிழமை தோறும் தடுப்பூசி போடுவது, பிரசவித்தவளை வீட்டில் போய்ப் பார்ப்பது என்று அவருடைய காரியங்கள் நீண்டுகொண்டே போகும். பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைப்பதையும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் கழுதைப்பால் புகட்டுவதையும் கைவிடச் சொல்லி, வீட்டுப் பெரியவர்களிடம் சண்டையிட்டும் கெஞ்சியும் ஜயித்தவர்கள் இவர்களே. இந்தியாவில் 1971இல், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமலே இறந்தன. 2020இல் நாடு முழுவதிலும் அது 28, தமிழ்நாட்டில் 13. நம் மாநிலத்தில் பிரசவங்கள் நூற்றுக்கு 99க்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன. இந்தச் சாதனைக்குப் பங்காளிகள் பலர் உண்டு. ஆயினும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் யாரென்று கேட்டால், நான் நர்ஸம்மாக்களையே காட்டுவேன்.

கட்டடம் எழுப்பியும், ஆம்புலன்ஸ் ஓட்டியும், மருந்து வாங்கிக் கொடுத்தும் செய்யக்கூடியவற்றை நாம் பெரிதும் செய்துவிட்டோம். மீந்து நிற்பது அடுக்களைக்குள் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை என்கிறது. அதே கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். இரத்தம் குறைகிறது, உடல் பருக்கிறது. இரண்டும் ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே உடம்பில். வீட்டார் அனைவருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றைக் குழம்பின் அடிக்கசண்டோடு பிசைந்து உண்டு எழுந்திருக்கும் பெண்ணின் தட்டில் என்ன இருந்தது என்பதை எந்த ஆஸ்பத்திரிச் சுவருக்குள்ளிருந்தும் பார்க்க முடியாது.

இரும்புச்சத்து மாத்திரையின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அது இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கொடுக்கவும் படுகிறது. ஆனாலும் பரண்மேலும் அரிசிப் பானைக்குப் பின்னாலும் பிரிக்காத அட்டைகள் கிடக்கின்றன. காரணம் பிடிவாதம் அன்று. மாத்திரை விழுங்கினால் சிலருக்கு வயிறு குமட்டும், மலம் கட்டும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு உள்ளே ஏதோ கெட்டுவிட்டதென்று பயம் பிடிக்கும். குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று மாமியார் சொல்வார். கறுத்துப் பிறக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். இவ்வளவையும் தாண்டி விழுங்குகிறவளும் காலைத் தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டால், தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடல் அதை உறிஞ்சவொட்டாமல் செய்துவிடுகிறது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதே இரும்பு நன்றாக உடம்பில் சேர்கிறது. மாத்திரையைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் கணக்கு முடிந்துவிடும். இரத்தம் ஊறுவதற்கு இந்தப் பேச்செல்லாம் வேண்டியிருக்கிறது.

மதுரைக்கு அருகே ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் சந்தித்த செவிலியர் ஒருவர் இதை வெகு எளிமையாகச் செய்துவந்தார். கர்ப்பிணிகள் கூடும் நாளில் தம் மதியச் சாப்பாட்டையும் அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்: சோறு கொஞ்சம், முருங்கைக்கீரைப் பொரியல் நிறைய, ஒரு முட்டை, ஓர் எலுமிச்சைத் துண்டு. சாப்பிட்டு முடித்துச் சற்று நேரம் கழித்துத் தம் பையிலிருந்தே ஓர் அட்டையை எடுத்து ஒரு மாத்திரையை விழுங்குவார். "எனக்கும் ரத்தம் கம்மிதான். கறுப்பாத்தான் போகும், பயப்படாதீங்க, எனக்கும் அப்படித்தான் போச்சு" என்பார். தமக்கு இரத்தம் குறைவு என்று அவர் ஒப்புக்கொண்டதே அந்தப் பெண்களை அவர் பக்கம் இழுத்தது என்று எனக்குப் பட்டது. குறையே இல்லாதவரைப் பார்த்துப் பின்பற்ற யாருக்கும் துணிவு வராது. தன்னைப் போன்ற குறையோடு இருந்து அதைத் திருத்திக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் நம்மாலும் ஆகும் என்று தோன்றுகிறது.

செவிலியர் தங்கள் உடம்பையே உலகுக்குப் பாடமாகக் கொடுத்த சரித்திரம் ஒன்றும் உண்டு. 1976இல் அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த டாக்டர் பிராங்க் ஸ்பைசர், கருத்தடை மாத்திரையும் புகைப்பழக்கமும் பெண்களின் உடல்நலத்தை எவ்விதம் பாதிக்கின்றன என்று ஆராய விரும்பியபோது, யாரிடம் கேட்டால் தங்கள் நோயையும் பழக்கத்தையும் பிழையின்றி எழுதித் தருவார்கள் என்று யோசித்து, செவிலியரையே நாடினார். 11 மாநிலங்களைச் சேர்ந்த, 30 முதல் 55 வயது வரையுள்ள 1,21,700 செவிலியர் பதில் எழுதினார்கள். அன்று முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வினாத்தாள் போய்க்கொண்டிருந்தது. என்ன உண்டார்கள், எவ்வளவு நடந்தார்கள், எத்தனை மணி நேரம் உறங்கினார்கள் என்று பல பத்தாண்டுகள் சலிக்காமல் எழுதினார்கள். கேட்டபோது கால்விரல் நகத்தை வெட்டி அனுப்பினார்கள், இரத்தம் கொடுத்தார்கள். நாளைக்கு நான்கு சிகரெட்டுக்குள் புகைப்பவருக்கும் மாரடைப்பு அபாயம் இருமடங்காகிறது என்பதும், தாவர எண்ணெயைக் கெட்டிப்படுத்திச் செய்யும் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பதும் இவர்கள் எழுதித் தந்த விடைகளிலிருந்து தெரிய வந்தவை. டால்டாவில் பலகாரம் சுட்டு வளர்ந்த நம் வீடுகளுக்கும் அந்தப் பாடத்தில் பங்கு உண்டு.

அதே ஆராய்ச்சியின் ஒரு பகுதி 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புகையாமை, அளவான எடை, நாள்தோறும் குறைந்தது அரைமணி நேரச் சுறுசுறுப்பான நடை, நல்ல உணவு, குடியில் கட்டுப்பாடு ஆகிய ஐந்தையும் எல்லாரும் கடைப்பிடித்திருந்தால், அவர்களிடையே ஏற்பட்ட இதய நோயில் நூற்றுக்கு 82 பங்கு தவிர்க்கக்கூடியது என்று அது கணக்கிட்டது. ஆனால் அந்த ஐந்தையும் உண்மையில் கடைப்பிடித்த செவிலியர் நூற்றுக்கு மூவரே. ஆரோக்கியத்தைப் பற்றி எல்லாம் அறிந்தவர்கள், பிறருக்கு நாள் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பவர்கள், அவர்களிலேயே மூவர்! இதைப் படித்து அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அறிவு மட்டும் ஒருவரை நடக்கவைக்காது, நேரமும் வேண்டும். பசித்த வேளையில் நல்ல உணவு கிடைக்கவும் இரவில் உறங்கவும் வழி இருக்க வேண்டும்.

இரவும் பகலுமாக மாறி மாறிவரும் பணிமுறை உடலின் நாழிகைக் கணக்கைக் குலைத்துவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறு உழைத்த செவிலியரிடையே மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதை 2001இல் அதே ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒருமித்துப் பேசவில்லை என்றாலும், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இல் இத்தகைய இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்தும் அந்த முடிவை மாற்றவில்லை. நம்மூர் வார்டுகளின் நிலையை நாம் அறிவோம். 'நைட் டூட்டி' முடித்துக் காலையில் வீடு திரும்பி, பிள்ளைகளுக்குச் சமைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து எழுகிற சிஸ்டர், நோயாளியிடம் எட்டு மணி நேரம் உறங்கச் சொல்கிறார். மணிக்கணக்காக ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொள்ளப் பழகியவர், கர்ப்பிணியிடம் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். வெயிலில் வீடு வீடாகப் போய் வந்த கிராமச் செவிலியர், மாலையில் உட்கார்ந்து பதிவேடுகளையும் கணினிப் பதிவுகளையும் நிரப்பிவிட்டு, இரவு வீடு சேர்ந்து கையில் அகப்பட்டதைத் தின்கிறார். சொல்லுகிறபடி வாழ முடியாத நிலைமையில் ஒருவரை நிறுத்திவிட்டு, ஊருக்கு முன்மாதிரியாக விளங்கு என்று கேட்பது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

அவர் உபதேசத்தைக் காட்டிலும் அவர் வாழ்வே நம்மைத் திருத்துகிறது என்பது மெய்யானால், அந்த வாழ்வைப் பாதுகாப்பது சுகாதாரத் துறையின் முதற் செலவினங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். வார்டுக்கு வார்டு, பத்து நிமிஷம் உட்கார்ந்து சாப்பிட ஓர் அறையும், அந்தப் பத்து நிமிஷம் அவர் இடத்தில் நிற்க ஓர் ஆளும் வேண்டும். இரவுப் பணிக்குப் பின் உறங்குவதற்குப் போதுமான இடைவெளி விட்டுப் பணிப்பட்டியல் எழுத வேண்டும். எழுத்து வேலைக்குத் தனியே ஒருவரைக் கொடுத்து, கிராமச் செவிலியரைத் திண்ணைகளுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இவற்றுக்கெல்லாம் நாளாகும், பணமாகும் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். நாளும் பணமும் ஆகாத ஒன்றை அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். விரல்நுனியில் குத்தி இரத்தத்தின் அளவைப் பார்க்கும் கருவி செவிலியரின் பையிலேயே இருக்கிறது. ஊர்ப் பெண்கள் அனைவருக்கும் அதைக் கொண்டு சோதிக்கிறவர், ஆண்டுக்கு இரண்டு முறை தம் விரலிலும் குத்திப் பார்த்துப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்றும், குறைவாக இருந்தால் அது தேறும் வரையில் அவருக்கு இரவுப் பணி கிடையாதென்றும் இந்த ஆண்டே ஓர் ஆணை பிறப்பியுங்கள்.